கொன்றையும் சங்குப்பூவும்

என் அண்ணன் வெல்டர். வீட்டு வாசலில் சரக்கொன்றை மரம்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அண்ணிக்கோ சங்குப்பூக் கொடிமேல்தான் ஆசை.

“மரம் தன் கால்ல நிக்கும். கொடி அடுத்தவன் தோள்ல தொத்தும்” என்றான் அண்ணன்.

“உங்க மரம் பூக்கறதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிடும்” என்றாள் அண்ணி.

கடைசியில் இரண்டையும் நட்டார்கள். கொடிக்காக அண்ணன் இரும்புக் கம்பியில் ஒரு பந்தலே பற்றவைத்தான்; யானை ஏறினாலும் தாங்கும். அந்தப் பாழாய்ப்போன கொடியோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்பியில் பட்ட நுனியெல்லாம் கருகிக் கருகி விழுந்தது.

ஒரு மதியம் அண்ணி கத்திக் கூப்பிட்டாள். பக்கத்துப் பட்டறையிலிருந்து அண்ணன் கையுறையோடு ஓடிவந்தான், பின்னாலேயே நானும். கொடி பந்தலை விட்டு விலகி, பிடிமானமே இல்லாமல் ஒரு முழம் வெறும் காற்றைக் கடந்து, கொன்றைக் கன்றின் இளந்தண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“கண்ணே இல்லாம எப்படி இது வழி கண்டுபிடிச்சுது?” அண்ணன் பிளந்த வாயை மூடவில்லை.

பிறகு என்ன நினைத்தானோ, கையுறையைக் கழற்றி, வெயிலில் கிடந்த தன் கம்பியை வெறும் விரலால் தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

“இதையா நான் அந்தக் கொடியைப் பிடிக்கச் சொன்னேன்?”