எந்த ரிஸ்வானா?

மதியம் இரண்டரை ஆனதும், அறை துப்புரவுக்குப் பொறுப்பான கார்லா துணி அலுமாரியைப் பூட்டிவிடுவார். அதன் பிறகு ஒரு துவாய் எடுக்கவும் விடமாட்டார். "பாஸ்தா, ஆ காசா" என்பார். போதும், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். இத்தாலியின் கடலோரத்தில் உள்ள இந்தச் சிறிய ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அந்தச் சொற்களைக் கேட்டு பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். ஓர் அறை முடிக்காமல் கிடந்தது. அதற்காக வேலையை விட்டே நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கெஞ்சிக் கேட்பதற்காக நேரத்தோடு போய் வாசலில் நின்றேன். கார்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் வேலை எட்டரைக்குத்தானே என்று மணிக்கூட்டைக் காட்டினார். நேரம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதை நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் வேலை பழகியது எங்கள் மீனவ ஊரான கண்டக்குழியில், காற்று வீசும் மாதங்களில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு விடுதியில். அங்கே ஜெரோம் மேனேஜர். சிலாபம் பக்கத்து ஆள், எங்களைப் போலவே தமிழ் பேசும் கத்தோலிக்கர், தலவில கோயில் திருநாளுக்குத் தவறாமல் வருபவர். நான்கு பேர் பார்த்த அறைகளை இரண்டு பேருக்குக் கொடுத்தார். குளியலறையில் ஒரு முடி கிடந்தால் அதைப் படம் பிடித்து, எங்கள் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். "மீன் நாத்தம் போக உடுப்பை மாத்திட்டு வாங்க" என்று விருந்தினர் முன்னாலேயே சொல்வார். ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்த ஒரே கதிரையையும் எடுப்பித்தார். குந்தியிருந்தால் வேலை நடக்காதாம்.

என்னோடு வேலை செய்தவள் ரிஸ்வானா. அப்போது அவளுக்கு நாலு மாதம். பாரமில்லாத வேலை கேட்டாள். வயிற்றைக் காட்டி வேலைக்குக் கள்ளம் போடவேண்டாம் என்றார் ஜெரோம். புது மெத்தைகள் வந்த அன்று, இருவரும் அவற்றை மேல்மாடிக்குத் தூக்கினோம். மூன்றாவது மெத்தையோடு ரிஸ்வானா படியில் குந்திவிட்டாள். அவளுடைய உடுப்பில் இரத்தம். நான் ஓடிப்போய்ச் சொன்னபோது ஜெரோம் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்வாசலால போகாதீங்க, கெஸ்ட் சாப்பிடுறாங்க" என்றார்.

"ஓம் சேர்" என்றேன் நான். சமையலறைக்குப் பின்னால், கால் புதையும் மணலில், அவளைத் தாங்கிக்கொண்டு சுற்றிப் போய் ஓட்டோ பிடித்தேன். குழந்தை தங்கவில்லை. மெத்தையால்தான் அப்படி ஆனதென்று சொல்லமுடியாது என்றார் டொக்டர். டொக்டருக்குச் சொல்லமுடியாமல் இருக்கலாம். எனக்கு முடியும்.

அடுத்த வருடம், இத்தாலியில் வேலை செய்துகொண்டிருந்த கணவர் கூப்பிட்டு நான் இங்கே வந்துவிட்டேன். ஆறு வருடம் போனது. போன பங்குனியில் ஹோட்டல் முதலாளி ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கோடைகாலத்துக்கு ஊழியர்களை மேற்பார்வை செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதில் ஜெரோமின் படம். இவர் வேலை செய்யும் விடுதி உன் ஊரில்தானே, ஆள் எப்படி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இத்தாலியனில், "ஃபா லவொராரே தந்தோ" என்றேன். ஆளைப் பிழிந்து வேலை வாங்குவார் என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. முதலாளி முகம் மலர்ந்து "பிராவோ" என்றார். பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான், நன்றாக வேலை வாங்கத் தெரிந்தவர் என்று அந்த மனிதனுக்கு நானே நற்சான்று கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது.

அன்று பின்னேரம் முழுக்க டெலிபோனில் சொல் தேடித் தாளில் எழுதிப் பாடமாக்கினேன். எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோசமாகவே எழுதினேன். காலையில் கார்லாவையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போய், அந்த விடுதியில் என் சிநேகிதி பிள்ளையை இழந்தாள் என்றேன். பதற்றத்தில் சொல்லை எங்கேயோ மாற்றிவிட்டேன் போல. கடற்கரையில் பிள்ளை தொலைந்ததென்று அவர் நினைத்துக்கொண்டார். "பிறகு கண்டுபிடித்தார்களா?" என்று கவலையோடு கேட்டார்.

நான் வயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். கார்லா என் தாளை வாங்கி அவருக்குச் சத்தமாக வாசித்தார். மெத்தை, கதிரை, முன்வாசல், எல்லாம். முதலாளி விண்ணப்பத்தை மூடினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் யார் கெடுத்தது என்று தெரியாமல் ஜெரோம் இருப்பது எனக்குப் போதவில்லை. நம்பரைத் தேடிப் பிடித்து, உங்களுக்கு அந்த வேலை கிடைக்காமல் செய்தது நான்தான் என்று பெயரோடு எழுதி அனுப்பினேன். உடனே எனக்குக் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, நாங்க ஒரே கரை ஆக்கள். ரெண்டு பிள்ளையள வச்சிருக்கன். நான் உங்களுக்கு என்ன செஞ்சன்?"

"ரிஸ்வானாவ ஞாபகம் இருக்கா சேர்?"

சற்று யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"எந்த ரிஸ்வானா?"

நான் டெலிபோனை வைத்துவிட்டேன். மனதின் மூலையில் கொஞ்சம் தயக்கம் இருந்திருந்தால், அதுவும் அந்தக் கேள்வியோடு போனது. வெளிநாட்டில் நம்மாள் ஒருவனின் பிழைப்பில் மண் போட்டவள் என்று ஊரில் என்னைப் பற்றிக் கதை. ஓம், போட்டேன். இன்னொரு ஹோட்டலில் கேட்டாலும் போடுவேன்.

ஆவணியில் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ரிஸ்வானா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதலாளியிடம் சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டச் சொன்னாள். முற்றத்தில் எழும்பி நின்று, இத்தாலியனில், கையை வீசிச் சத்தமாகச் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காமலே கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப தமிழில சொல்லுங்க அக்கா."

தொடங்கினேன். வேலிக்கு அப்பால் ஒழுங்கையால் யாரோ இருவர் நடந்து போனார்கள். விடுதியில் வேலை செய்பவர்களாகக்கூட இருக்காது.

"ஏன் அக்கா குசுகுசுக்கிறீங்க?" என்று கேட்டாள் ரிஸ்வானா. அப்போதுதான் என் குரல் எனக்குக் கேட்டது.