செல்லப்பாண்டியின் வலது குதிகால்

செல்லப்பாண்டி 1982ஆம் ஆண்டு பூம்பாறையில் பிறந்தார். ஒன்பதாம் வகுப்புவரை படித்தார். 2001 முதல் கொடைக்கானலுக்கு வெளியே உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில், ஆட வருபவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து அவர்களோடு நடக்கும் வேலையைச் செய்துவந்தார். மனைவி சின்னத்தாயி. மகள் ரம்யா திண்டுக்கல்லில் செவிலியர் படிப்பில் முதலாம் ஆண்டு மாணவி. ஊருக்குக் கீழே, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஐந்து துண்டு நிலம் இவர்களுக்குச் சொந்தம். மேல் மூன்று படிகளில் உருளைக்கிழங்கு, கீழ் இரண்டில் பூண்டு. நிலம் ஆண்டில் பாதி நாட்களுக்குச் சோறு போடும். மீதியைப் பை சுமந்த கூலி பார்த்துக்கொண்டது.

2025 ஜூன் 3 அன்று மைதான நிர்வாகம் ஓர் அறிவிப்பை வாசித்தது. செப்டம்பர் முதல் பைகளை ஏற்றிச் செல்ல பேட்டரி வண்டிகள் வரும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இனி அந்த வேலை இல்லை. பயிற்சித் திடலுக்கு மட்டும் அவர்களிலிருந்து ஓர் உதவியாளர் தேவை. புதிதாகக் கற்க வருபவர்களுக்கு மட்டையை வீசிக் காட்டத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பத்துப் பந்துகளில் ஏழு, நூற்றுப்பத்து கஜத்துக்கு அப்பால் நட்ட இரண்டு கொடிகளுக்கு இடையே விழ வேண்டும். தவறினால் வெளியிலிருந்து ஆள் எடுக்கப்படும்.

நாற்பதைக் கடந்தவர்கள் இருவரே. மற்றவரான பொன்னுவேல், மைத்துனரின் சுற்றுலா ஜீப்பை ஓட்டப் போவதாகச் சொல்லி விலகிக்கொண்டார். செல்லப்பாண்டிக்கு ஜீப் வைத்திருக்கும் மைத்துனர் யாரும் இல்லை.

இருபத்துநான்கு ஆண்டுகள் பிறருடைய மட்டைகளைத் துடைத்துக் கொடுத்தவர், தாம் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. மைதானத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் பை சுமப்பவர்கள் ஆடிக்கொள்ளலாம் என்பது வழக்கம். அந்த நாட்களில் அவர் நிலத்தில் நின்றார். ஆகவே அவருடைய கைகள் அறிந்த ஒரே வீச்சு மண்வெட்டியினுடையது.

பயிற்சியின் முதல் நாளே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏழாம் எண் இரும்பு மட்டை தலைக்கு மேலே போய், பந்துக்கு ஒரு சாண் முன்பாகவே தரையில் இறங்கி அங்கேயே நின்றது. புல்லோடு பெயர்ந்த மண்கட்டி பந்தைவிடத் தொலைவில் போய் விழுந்தது.

"ஏலே செல்லப்பாண்டி! பந்த அடிக்கச் சொன்னா கெழங்கு தோண்டுற?" என்றார் பொன்னுவேல். "இன்னும் நாலு வெட்டு வெட்டு, பாத்தி கட்டிரலாம்."

"உன் வாயிலதான்டா மொதல்ல பாத்தி கட்டணும்."

பயிற்சியாளர் குமரகுரு சிரிக்கவில்லை. கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்து, விளையாட்டுக் கல்வி பயின்று திரும்பிய இருபத்தொன்பது வயதுக்காரர். மாலைதோறும் அரைமணி நேரம் செல்லப்பாண்டிக்குச் சொல்லித்தர அவரே முன்வந்திருந்தார்.

"அண்ணே, இந்த வயசுல ஃபுல் ஸ்விங் கத்துக்க டைம் இல்ல. சிம்பிளா ஒரு ஸ்விங் தர்றேன். மட்டைய இடுப்புக்கு மேல தூக்காதீங்க. மணிக்கட்ட மடக்காதீங்க. பந்த அடிக்கணும்னே நினைக்காதீங்க."

"அடிக்காம எப்படிங்க சார் போகும்?"

"அடிக்க வேணாம், முடிங்க. முடிக்கும்போது உங்க பெல்ட் பக்கிள் கொடியப் பாக்கணும், வலது குதிகால் மேல எந்திரிக்கணும். அவ்வளவுதான். பந்து நடுவுல இருக்கு, அதுவா போயிரும்."

உயரமும் மணிக்கட்டும் ஒரே வாரத்தில் கைகூடின. உயரத்தைக் குறைத்ததும் தூரம் கூடியதைக் கண்டு செல்லப்பாண்டியே திகைத்தார். வலுவைக் காட்டியபோது எழுபது கஜத்தில் சுருண்ட பந்து, வலுவை விட்டதும் நூறைத் தொட்டது. ஆனால் திசை அமையவில்லை. பந்துகள் ஒவ்வொன்றும் வலப்பக்கம் வளைந்து, வேலியோரத்துப் பைன் மரங்களுக்குள் போயின. காரணம் கடைசி விதி. அவருடைய வலது குதிகால் எழவில்லை. உடம்பு பாதி திரும்பியதும் குதிகால் பிடித்து நிறுத்த, மட்டையின் முகம் கொடிப் பக்கம் திரும்பாமல், வலப்பக்கம் திறந்தபடியே பந்தைக் கடந்தது.

"ஹீல், அண்ணே, ஹீல்!" என்று குமரகுரு ஒரு மாதம் கத்தினார். குனிந்து அதைக் கையாலும் தூக்கிப் பார்த்தார். செல்லப்பாண்டி அவர்மீதே சாய்ந்தார்.

"என்ன பயம்ணே உங்களுக்கு?"

"பயமெல்லாம் இல்லீங்க சார். தூக்குன்னுதான் சொல்றேன். அது கேக்க மாட்டேங்குது."

அது கேட்காததன் காரணத்தைச் சின்னத்தாயிதான் கண்டுபிடித்தார். ஜூலை மாத இறுதியில் ஒரு மாலை, மூன்றாம் படியில் உருளைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த கணவர், மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து அந்த வீச்சை வீசிப் பார்ப்பதைக் கீழ்ப்படியின் பூண்டுப் பாத்தியிலிருந்து கவனித்தார். அந்தப் படிகளில் மேட்டைப் பார்த்து நின்றுதான் வெட்ட முடியும். முதுகுக்குப் பின்னால் ஆளுயரப் பள்ளம். சிறுவயதில் மண்வெட்டி பிடிக்கும் எவருக்கும் முதலில் சொல்லப்படுவது, பின்னங்காலை ஊன்று என்பதுதான்.

"ஏங்க, பின்னால பள்ளம் இருக்குன்னு அந்தக் காலு நெனச்சுக்கிட்டு கெடக்கு" என்றார் சின்னத்தாயி.

"மைதானத்துல ஏது பள்ளம்? புல்லுல்ல கெடக்கு."

"அது ஒங்களுக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமா?"

அவர் பாத்தியைவிட்டு எழுந்து, மேல்படியைத் தாங்கும் கல்லடுக்கை ஒட்டி, கணவருக்கு நேர் கீழே வந்து நின்றார். அவருடைய முகம் கணவரின் பாதத்துக்குச் சமமாக இருந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தி விளிம்பில் வைத்தார்.

"இப்பத் தூக்குங்க. நான் நிக்கிறேன்ல? விழுந்தா எம்மேலதான விழணும்."

"ஒம்மேல விழுந்தா நீ மிஞ்சுவியா?"

"இருபது வருசமாத் தாங்கிக்கிட்டுத்தான இருக்கேன். வெரசா வீசுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

செல்லப்பாண்டி வீசினார். குதிகால் எழுந்தது. அவர் மறுபடி வீசினார், மறுபடியும் எழுந்தது. சின்னத்தாயி கீழே நின்று, "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் மாலைதோறும் இது நடந்தது. ஊரில் பார்த்தவர்கள், செல்லப்பாண்டி மனைவியைப் பள்ளத்தில் நிறுத்தி மண்வெட்டியால் கொசு விரட்டுகிறார் என்றார்கள். மைதானத்தில் பந்துகள் பைன் மரங்களைவிட்டு விலகி, கொடிகளை நோக்கி வரத் தொடங்கின. ஆகஸ்ட் 20, புதன்கிழமை பயிற்சியில் பத்துக்கு ஒன்பது உள்ளே விழுந்தன. குமரகுரு கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஞாயித்துக்கிழமை இதையே செய்யுங்கண்ணே. புதுசா எதுவும் யோசிக்காதீங்க."

வியாழன் மாலை தொடங்கிய மழை வெள்ளி விடியும்வரை விடவில்லை. அறுவடைக்கு மூன்று வாரமே இருந்த பூண்டுப் பாத்திகளில் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் நின்றால் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். கணவனும் மனைவியும் வெள்ளனே இறங்கினார்கள். சின்னத்தாயி பூண்டுப் பாத்தியில் தண்ணீரைத் தட்டால் அள்ளி இறைத்தார். செல்லப்பாண்டி மேலே மூன்றாம் படியில், தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப ஒரு வடிகால் வெட்டினார்.

பாதி வெட்டியிருக்கும்போது அவருடைய வலது குதிகாலுக்குக் கீழே மண் அசைந்தது. அடுத்த கணம் விளிம்பு முழுவதும் கல்லடுக்கோடு சரிந்தது. அவர் மண்வெட்டியை மேட்டில் கொத்தி, இடது காலை ஊன்றித் தொங்கினார். சரிந்த கல்லும் சேறும் கீழே விழுந்த இடம், மாலைதோறும் சின்னத்தாயி கையை உயர்த்தி நின்ற இடம்.

சின்னத்தாயி அப்போது நான்கடி தள்ளிக் குனிந்திருந்தார். ஒரு கல் மட்டும் உருண்டு வந்து கெண்டைக்காலைச் சிராய்த்தது. சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"விழுந்தா எம்மேல விழுங்கன்னுதான் சொன்னேன். செவத்தையுமா தள்ளிவிடச் சொன்னேன்?"

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. இறங்கி வந்து மனைவியின் காலைத் தண்ணீரில் கழுவினார். கழுவிய பிறகும் வெகுநேரம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும் இருவரும் கற்களை மீண்டும் அடுக்கினார்கள். தண்ணீர் வடிந்தது, பூண்டு தப்பியது. சனிக்கிழமை மாலை சின்னத்தாயி, இடியாத இரண்டாம் படிக்குக் கீழே போய் நின்றார்.

"வாங்க. நாளைக்குப் பரீட்சை. ஒரு பத்து வீச்சு வீசிட்டுப் போவோம்."

"வேணாம். அங்கிட்டு நிக்காத."

"இந்தச் செவரு நல்லாத்தாங்க இருக்கு."

"நிக்காதன்னு சொல்றேன்ல, ஏறி வா."

அவர் ஏறி வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றார். செல்லப்பாண்டி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஒருமுறை வீசினார். இருவருமே எழாத குதிகாலைப் பார்த்தார்கள். மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. நிர்வாகத்தின் சார்பில் மேலாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கொடிகளுக்கு அருகில், விழும் பந்துகளை எண்ணும் பொறுப்பைப் பொன்னுவேல் கேட்டு வாங்கியிருந்தார். குமரகுரு பேசக் கூடாது என்பது நிபந்தனை. முதல் வீச்சிலேயே அவருடைய பார்வை செல்லப்பாண்டியின் காலுக்குப் போய், பிறகு வேறெங்கோ திரும்பியது.

இருப்பினும் முதல் பந்து உள்ளே விழுந்தது. இரண்டாவது வலப்பக்கக் கொடியை ஒட்டி வெளியே போனது. செல்லப்பாண்டி தம் நிலையைச் சற்று இடப்பக்கம் திருப்பிக்கொண்டார்; அதனால் அடுத்த மூன்றும் வளைந்து வந்தே உள்ளே விழுந்தன. ஆறாவது மண்ணைக் கொத்தியது. ஏழாவது பைன் மரங்களுக்குள் போனது. எட்டாவதும் ஒன்பதாவதும் உள்ளே விழுந்தன. ஒரு பந்து மீதியிருந்தது; ஒன்று தேவைப்பட்டது.

அப்போது சோலையிலிருந்து நான்கு காட்டுமாடுகள் வெளியே வந்து, இரண்டு கொடிகளுக்கும் நடுவில் நின்று மேயத் தொடங்கின. அவற்றை விரட்டக் கூடாது. தாமாகப் போகும்வரை காத்திருப்பதே மைதானத்தின் விதி. பொன்னுவேல் சுற்றி நடந்து திடலுக்கு வந்தார். மேலாளர் தேநீர் வரவழைத்தார். செல்லப்பாண்டி தேநீரை வாங்காமல், மட்டையை ஊன்றி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெல்லத் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார்.

"என்னலே பாக்குற?" என்றார் பொன்னுவேல் தணிந்த குரலில். "பின்னால ஒண்ணுமில்ல. ரோடு வரைக்கும் தரைதான்டா."

"தெரியுதுடா."

"தெரிஞ்சா சரி. ஒண்ணே ஒண்ணு. முடிச்சிட்டு வா, டீ சூடா இருக்கும்போதே குடிப்போம்."

அரைமணி நேரத்தில் மாடுகள் சோலைக்குத் திரும்பின. பொன்னுவேல் கொடிகளுக்கு ஓடினார். செல்லப்பாண்டி மட்டையை இடுப்பளவுக்கு எடுத்துச் சென்றார். மணிக்கட்டு மடங்கவில்லை. பந்து மட்டையில் பட்டு எழுந்தது. மேலாளரும் குமரகுருவும் அதைத் தொடர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். செல்லப்பாண்டி பந்தைப் பார்க்கவில்லை. குனிந்து, ஈரப் புல்லில் அழுந்தியிருந்த தம் வலது குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிகளுக்கு இடையே விழுந்தவை: ஆறு.