திங்கட்கிழமைதோறும் அண்ணனிடம் வந்த போதகர்கள்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருஷம் கழிந்துவிட்டது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். நான் பத்தாவதோடு நின்றவன், தையல்காரன். சபையில் சாட்சி சொல்லக்கூட எழுந்து நின்றதில்லை. கூடப் பிறந்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கனகம்மாசத்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். நைனா கரும்பு வெட்டும் கூலி. அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால், என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணன்தான். கஷ்டப்பட்டு இறையியல் படித்துப் போதகரானார். பல ஊர்களில் ஊழியம் செய்தார்.

பிள்ளைகள் சிறுவயதாக இருக்கும்போதே அண்ணி புற்றுநோயில் இறந்தார்கள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே அண்ணன் ஆராதனை நடத்தினார். பிரசங்கத்தின் நடுவில் குரல் உடைந்து நின்றுவிட்டார். வெளியே வந்தபோது சபை மூப்பர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "நீங்களே அழுதா நாங்க எங்க போறது ஐயா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதன்பின் பல வருஷம் அண்ணன் சரியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு சென்னையில் மனநல ஆலோசனை படித்தார். திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வந்தார். படிப்பு முடிந்ததும் போதகர்களுக்கான சூப்பர்விஷன் ஊழியத்தைத் தொடங்கினார். யாரோ மேலிருந்து கண்காணிக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பலர் பயந்தார்கள். ஒரு போதகர் தன் வேலையில் எங்கே தடுமாறுகிறார், தனக்குள் என்ன நடக்கிறது என்று இன்னொருவரிடம் மனம் திறந்து பேசுவதுதான் அது என்று அண்ணன் விளக்குவார். அவரும் சென்னைக்குப் போய்த் தன் ஆசிரியரிடம் அப்படிப் பேசிவிட்டு வருவார். "எல்லாரும் எங்கிட்ட கொட்டினா, நான் எங்கடா போய்க் கொட்றது?" என்பார்.

திருத்தணியில் என் தையல்கடைக்குப் பின்னால் இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை வேலை ஓய்ந்த திங்கட்கிழமைகளில் ஐந்து போதகர்கள் கூடினார்கள். பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் ஒழுங்கு. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ, யாருக்காவது தீங்கு நடக்கும் என்றாலோ மட்டும், சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிட்டு அண்ணன் உரியவர்களுக்குத் தெரிவிப்பார். இன்னொரு ஒழுங்குதான் அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. ஒருவர் பேசி முடிக்கும்வரை யாரும் ஜெபிக்கக் கூடாது.

"ஒருத்தன் வாயத் தொறந்தாலே கண்ண மூடிக்கினு ஜெபத்த ஆரம்பிச்சிட்றீங்க. அவன் இன்னா சொல்ல வந்தான்னே தெரியாம போயிடுது" என்று அவர் சத்தம் போட்டது கடைவரை கேட்டது. ஜெபத்தைத் தடுக்கிற ஊழியக்காரர் என்று சிலர் ஊரில் பேசினார்கள்.

உள்ளே பேசுவது எனக்குக் கேட்கக் கூடாது என்று, அந்த நேரம் முழுவதும் மெஷினை ஓட்டச் சொல்வார். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களின் மஞ்சள் துணி குவிந்திருக்கும். மற்ற நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் ஓட்டுவேன். பக்கத்துக் கடை மெக்கானிக் பாய் எட்டிப் பார்த்து, "இன்னா மாஸ்டர், ஊசியில நூலே இல்ல, இன்னாத்த தெச்சிகினு கீற?" என்பார். "காத்த தெக்கிறேன் பாய்" என்பேன்.

வந்தவர்களில் ஒருவர் அரக்கோணம் பக்கத்துச் சபையின் போதகர். அவர் அந்த அறையில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அதை நான் மறுபடி இங்கே எழுத மாட்டேன். அவருடைய மனச்சோர்வு பற்றியது, யாருக்கும் தீங்கு செய்த காரியம் அல்ல என்பது மட்டும் போதும். கூட இருந்த இன்னொரு போதகர் தம் சபையின் உபவாச ஜெபத்தில் அவர் பெயரையும் விஷயத்தையும் சொல்லி, மனப்பாரத்தோடு ஜெபிக்கும்படி கேட்டுவிட்டார். அது போனில் குழுவுக்குக் குழு போய், அரக்கோணத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பெயரைச் சொன்னவர் கடைக்கு வந்தார். அவரும் அண்ணனும் கடையிலேயே நின்று பேசினார்கள்.

"நான் கெட்டதா ஒண்ணும் பண்ணலியே அண்ணா. ஜெபிக்கத்தானே சொன்னேன்?"

"பேர எதுக்குச் சொன்ன?"

"பேரு சொல்லாம எப்பிடிண்ணா பாரத்தோட ஜெபிக்கறது?"

"ஏன், ஆண்டவருக்கு அவன் பேரு தெரியாதா?"

அவர் அழுதார். ஆனால் அரக்கோணம் சபையில், "மனசு செரியில்லாதவரு கையில நாங்க எப்பிடி ஞானஸ்நானம் வாங்கறது?" என்று கேட்டுத் தங்கள் போதகரை விலக்கிவிட்டார்கள். போதகர் வீட்டைக் காலி செய்தார். பிள்ளைகள் பள்ளி மாறினார்கள். மன்னிப்புக் கேட்க அண்ணன் போனபோது நானும் கூடப் போனேன். அவர் இரும்புக் கதவைத் திறக்கவில்லை. "உங்க ரூம்ல சொன்னதுதான் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் யாரும் வரவில்லை. அண்ணன் திங்கட்கிழமைகளில் அறையைத் திறந்துவைத்துத் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருடைய ஆசிரியரும் காலமாகிவிட்டார். சிறுநீரகம் கெட்டு அண்ணன் படுத்தபோது, அவருக்குள் என்ன இருந்தது என்று கேட்க யாரும் இல்லை. நான் கேட்டிருக்கலாம். என்னிடம் அவர் எப்போதும் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் உரக்க ஜெபித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் மாலை அரக்கோணத்துக்காரர் வந்தார். இப்போது ஒரு சிமென்ட் கடையில் வேலை செய்கிறார். சட்டையில் தூசி இருந்தது. முதல் நாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மறுநாளும் வேலை முடிந்து வந்தார். "மாஸ்டர், நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது கதவுக்கு வெளியே அண்ணனின் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் மறுபடி கீழே இறங்கிவிட்டேன். கடைசி நாள்வரை மாலையில் அப்படித்தான் நடந்தது.

அடக்கத்தன்று எங்கள் அத்தை அரக்கோணத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கடைசியா எதுனா சொல்லியிருப்பாரே, சொல்லுப்பா."

"ஆங், சொன்னாரு அத்தே" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சிகிச்சை செய்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரவு எந்நேரமும் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்துக் கடை பாய் வீட்டாருக்கும், அடக்க ஆராதனை நடத்திய ஐயாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணனின் கடைசி வார்த்தைகளை இந்த மலரில் போடும்படி உறவினர் பலர் கேட்டீர்கள். அவை என்னிடம் இல்லை. வைத்திருப்பவர் தம் பெயரைக்கூடப் போட வேண்டாம் என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். அவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.