வயிற்றில் ஒரு சின்ன வாசல்

எண்டோஸ்கோபி பிரிவு நர்ஸான எனக்குக் காலை வணக்கம் என்பதே "போச்சா?" என்ற கேள்விதான். சிரிக்காதீர்கள். மூன்று நாள் போகாமலிருந்தால் உங்களுக்கும் அதன் அருமை தெரியும்.

காற்று அடைத்தால்

தாஸ் அண்ணன் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். இப்போது ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கிறார். வயிறு தவில் மாதிரி உப்பி வந்தார். ஸ்கேனில் அடைப்பு இல்லை; பெருங்குடல் அசைவதையே நிறுத்திவிட்டது. மருந்து, எனிமா எதுவும் பலிக்கவில்லை. வேறொரு மருத்துவமனையில், பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றில் பை வைக்க வேண்டும் என்றார்களாம். இரண்டு வருடமாகக் கஞ்சிதான். ஒரு நாளாவது மனைவி செல்வியோடு உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எங்கள் டாக்டரம்மா வேறு வழி சொன்னார். எண்டோஸ்கோப்பின் துணையோடு வயிற்றுத்தோல் வழியே குடலுக்குள் பென்சில் கனத்தில் ஒரு குழாய். அதில் காற்றை வெளியேற்றலாம், தண்ணீர் விட்டுக் கழுவலாம். எல்லோருக்கும் சரிவராது, சீழ் பிடிக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. நான் படம் வரையப் பேனா தேடுவதற்குள் அண்ணனே செல்விக்கு விளக்கிவிட்டார்: "சொரங்கத்துல காத்து அடைச்சா மலைய பேத்து எறிய மாட்டாங்க. ஒரு ஓட்டைய போட்டு வுடுவாங்க."

விளக்கை அணைக்கும் நேரம்

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. அறை விளக்கை அணைத்ததும், குடலுக்குள் இருக்கும் எண்டோஸ்கோப்பின் வெளிச்சம் வயிற்றுத்தோலில் சிவப்பாகத் தெரியும். அங்கேதான் குழாய்க்காக ஊசியால் குத்த வேண்டும். அண்ணன் வயிற்றில் அந்த வெளிச்சம் தெரியவே இல்லை. டாக்டரம்மா அவரைப் புரட்டிப் பார்த்தார், விரலால் அழுத்தினார், காத்திருந்தார். குத்துமதிப்பாகக் குத்த ஒரு நொடி போதும், அவர் குத்தவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ஒருவழியாகத் தொப்புளுக்கு வலப்பக்கம் சிவந்தது. அரைமயக்கத்திலிருந்த அண்ணன் சுரங்க ஞாபகத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்: "உள்ள வெளக்கு தெரியுது. ஆளு பத்திரமா இருக்கான்."

காலை ஆறு மணி

"தினமும் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவவும்" என்று குறிப்புத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். தண்ணீர் விட்டபின் கழிவறையில் அரைமணி நேரமாவது உட்கார வேண்டும். அண்ணன் குடியிருக்கும் இடத்தில் நாலு குடித்தனத்துக்கு ஒரே கழிவறை. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெளியே வரிசை, கதவில் தட்டல். அண்ணன் பாதியில் எழுந்துவிடுவார். வயிறு மறுபடி உப்பியது. கடைசியில் பைதானோ என்று பயந்தேன். வழி கண்டுபிடித்தது செல்வி. தாளில் ஆறை அடித்துவிட்டு, எல்லோரும் வேலைக்குப் போய்க் கழிவறை காலியாகும் பதினொன்று என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் வந்தபோது வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அண்ணன் வெட்கத்தோடு தலையாட்டினார். செல்விதான் பேசினாள்: "ரெண்டு வருசமா இவரு கண்ணுல படாம அடுப்பாண்ட நின்னுக்கினே துன்னேன் சிஸ்டர். நேத்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து துன்னோம்."

இத்தனை வருடம் படித்து வேலை பார்த்த நான் இப்போதெல்லாம் "போச்சா?" என்பதற்கு முன்னால், "வீட்டில் கழிவறை எத்தனை பேருக்கு?" என்று கேட்கிறேன்.