ஈர மஃப்ளர்களின் பதினோரு மாதம்

அயர்லாந்தின் கால்வே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு அறிவியல் படித்துக்கொண்டிருந்த டிம்ப்னா கில்பேனுக்கு ஒரு பழக்கம். கையில் எது கிடைத்தாலும் தட்டுவாள். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி மிஸஸ் ஹெஸ்கின், காலையில் அவித்த முட்டையை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு தட்டு தட்டினா முட்டை ஓடு உடைஞ்சிடும்மா, அதுக்கு எதுக்கு இத்தனை வாசிப்பு?" என்பாள்.

பதினோரு வயதிலிருந்தே அப்பாவின் குழுவில் டிரம் அடித்தவள் அவள். அப்பா பேட்சி கில்பேன், லாக்ரே பக்கத்துக் கிராமத்தில் தச்சர். வாரம் முழுவதும் ஜன்னலும் சவப்பெட்டியும் செய்வார். ஞாயிறு மாலை பங்கு மண்டபத்தில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு நாட்டு ஆட்டத்துக்கு வாசிப்பார். படிக்கப் போன பிறகும் ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து மகள் அவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

1965 அக்டோபரில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு தொங்கியது. கிட்டார் அதிரப் பாடும் பீட் குழு ஒன்றுக்கு டிரம் அடிக்க ஆள் வேண்டும், உடனே. சைக்கிள் கடை மாடியில் ஜார்லத் மேனியனைப் பார்க்கவும். குழுவின் பழைய டிரம்மர் பாதிரியாராகப் படிக்கப் போய்விட்டான் என்பது ஊரெல்லாம் தெரிந்த செய்தி.

கதவைத் திறந்த ஜார்லத், அவளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தான்.

"உன் அண்ணன் வரலையா?"

"எனக்கு அண்ணனே கிடையாது."

"அப்ப டிரம் யாரு அடிக்கப் போறது?"

"நீ வழிய விட்டா நான்."

உள்ளே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பொறியியல் படித்த ஃபின்டன், பழைய அலமாரிக் கதவை அறுத்துத் தானே செய்த பேஸ் கிட்டாரோடு நின்றான். மருத்துவம் படித்த மாலக்கி டார்ப்பி அதிகம் பேசமாட்டான்; அவன் பேச்சையெல்லாம் அவன் கிட்டார்தான் பேசியது. ஜார்லத் பாடினான். டிம்ப்னா அடித்தாள். பாட்டு முடிந்ததும் ஃபின்டன் தலையைச் சொறிந்தான்.

"கை நல்ல கைதான். ஆனா பாட்டு நொண்டுதேப்பா."

"நொண்டல, துள்ளுது," என்றாள் அவள். "எங்க ஊர்ல அப்படித்தான்."

"எங்க பாட்டுல துள்ளக் கூடாது. இடிக்கணும்."

மாலக்கி முதல் முறையாக வாயைத் திறந்தான். "கீழ தெருக்கோடி வரைக்கும் டிரம்மருங்க வரிசையில நிக்கிறாங்களா என்ன? இடிக்கக் கத்துக்கட்டும்."

இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் ஃபின்டனின் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, தொடையில் அடித்து அடித்துத் துள்ளலை அடக்கினாள். அந்த மாடியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. அதைச் சுற்றி நால்வரின் கல்லூரி மஃப்ளர்களும் காயப் போட்டிருக்கும். கால்வே மழையில் அவை எந்நாளும் காய்ந்ததில்லை. அதனால் குழுவுக்கு 'ஈர மஃப்ளர்கள்' என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் வாசித்தது ரக்பி கிளப் நடனத்தில். கோட்டு சூட்டுப் போட்டு ஒரே மாதிரி காலை ஆட்டும் பெரிய ஷோபேண்டுகளைப் பார்த்துப் பழகிய கூட்டம், கம்பளிச் சட்டை போட்ட மூன்று பையன்களையும் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணையும் வேடிக்கை பார்த்தது. ஒருவன் கத்தினான்: "ஏம்மா, உன் வீட்டு அடுப்புல என்னமோ கருகுது!"

"கருகினா நீ போய் இறக்கி வை. எனக்கு வேலை இருக்கு," என்றாள் டிம்ப்னா, கை நிற்காமல். கூட்டம் சிரித்தது. கத்தியவனே முதலில் ஆட வந்தான்.

ஒரே ஒரு தொல்லை. பழைய சாமானாக வாங்கிய பெரிய டிரம், பெடலை மிதிக்க மிதிக்க மேடையில் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஜார்லத் ஒரு காலை அதற்கு முட்டுக் கொடுத்து, நாரையைப் போல நின்று பாடுவான்.

தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் ஆட்டம் பாட்டம் கிடையாது. மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. குழு அந்த நாட்களை வீணாக்கவில்லை. பதினெட்டுப் பாட்டைப் பழகி முடித்தது. ஈஸ்டர் கழிந்ததும் ஆற்றங்கரைப் படகு கிளப் கூப்பிட்டது: ஞாயிறுதோறும் மதியம் மாணவர் நடனம்.

ஞாயிறு அப்பாவுக்கு உரியது. டிம்ப்னா ஒரு பொய்யை எழுதித் தபாலில் போட்டாள். தேர்வு நெருங்குவதால் ஞாயிறுகளில் ஆய்வுக்கூடத்தில் செய்முறை வகுப்பு வைக்கிறார்கள் என்று.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பேட்சி வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மிஸஸ் ஹெஸ்கின் வாசலில் வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமை எந்த வாத்தியார் லேபைத் திறந்து வைக்கிறான்? அதைக் கொஞ்சம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"லேபா?" என்றாள் அவள். "நேராப் போயி ஆத்தங்கரையில திரும்புங்க. சத்தம் கேக்கும்."

இரண்டாவது பாட்டின் நடுவில் டிம்ப்னா அப்பாவைப் பார்த்தாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். எழுந்து போய்விடலாமா என்று மனம் கேட்டது. கை கேட்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. டிரம் நகர்ந்தது. ஜார்லத் காலை நீட்டினான். அப்பா அந்தக் காலைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார்.

போய்விட்டார், இனி முகத்தில் முழிக்க முடியாது என்று நினைத்தாள். கண் மங்கியது. அடி மட்டும் தப்பவில்லை.

பாட்டு முடிவதற்குள் பேட்சி திரும்பி வந்தார். கையில் சுத்தியலும் ஒரு முழ மரச்சட்டமும், வாயில் மூன்று ஆணிகள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினார்.

"காலை எடுறா," என்றார் ஜார்லத்திடம், ஆணிகளுக்கு இடையே.

ஜார்லத் பாடுவதை நிறுத்தாமல் காலை எடுத்தான். பேட்சி மண்டியிட்டு டிரம்முக்கு முன்னால் சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். அதையும் மகளின் தாளத்திலேயே அடித்தார். கூட்டம் கூரை பிய்ந்துவிடும்படி கத்தியது. டிரம் அதன்பின் ஓர் அங்குலம் அசையவில்லை.

இடைவேளையில் தேநீரோடு இருவரும் படகுத்துறைக்கு வந்தார்கள்.

"சத்தம் காதைப் பிய்க்குது," என்றார் அவர். "அந்தப் பையன் பாடுறானா, பல்வலியில அழுவுறானா?"

"தாளம்?"

"தாளம் எங்கிட்ட கத்துக்கிட்டது. அதுல என்ன குறை இருக்கும்?"

அவள் தேநீரைக் கலக்கினாள். "கேட்டா விடமாட்டீங்கன்னுதான் பொய் சொன்னேன்ப்பா."

"கேட்டுப் பாத்தியா?"

அவள் விரல்கள் கோப்பையின் விளிம்பைத் தட்டத் தொடங்கின.

"உங்கம்மாவை நீயே சமாளிச்சுக்க, நான் குறுக்க வரமாட்டேன்," என்று சொல்லித் தொப்பியை வைத்துக்கொண்டார். "ஒரு ஞாயிறு இங்க, ஒரு ஞாயிறு அங்க. சரியா?"

ஜூலையில் லிமெரிக்கில் பீட் குழுக்களுக்குப் போட்டி நடந்தது. ஒன்பது குழுக்களில் மூன்றாவதாக வந்தார்கள். 'டிரம் பிரமாதம், மற்றவை பரவாயில்லை' என்று நடுவர் எழுதிய தாளை டிம்ப்னா மாடிச் சுவரில் ஒட்டினாள். பையன்கள் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் மாலக்கிதான் முதலில் சிரித்தான்.

சண்டை போட்டுக் குழு கலையவில்லை. செப்டம்பரில் தேர்வு முடிவு வந்தது. ஜார்லத் இரண்டாம் முறையும் தேறவில்லை. டொராண்டோவில் இருந்த மாமா வேலைக்குக் கூப்பிட்டார். ஃபின்டனுக்கு டப்ளினில் பயிற்சி கிடைத்தது. ரயில் நிலையத்தில் ஜார்லத் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"நாம பெரிய ஆளா வரலையே, டிம்ப்னா."

"முப்பத்திரெண்டு ஆட்டம் போட்டோம். ஒண்ணுலயாவது ஜனம் உக்காந்துதா?"

அவன் யோசித்தான். "உக்காரல."

"அப்புறம் என்ன?"

வண்டி போனதும் அவள் அழுதாள்தான். அடுத்த ஞாயிறு அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, நாட்டு ஆட்டத்துக்கு நடுவே இரண்டாவது அடியில் ஓர் இடி இடித்தாள். பேட்சி திரும்பி முறைத்தார். பக்கத்து ஊர் ஷோபேண்டுக்கு சைக்கிளில் ஓடும் இளவட்டங்கள் அன்று மண்டபத்திலேயே தங்கிவிட்டதைக் கண்டதும், அடுத்த வாரம் முறைக்கவில்லை.

பட்டம் வாங்கிய வருடம் ஷானன் விமான நிலைய வானிலை அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போனாள். "படிப்பு தவிர வேற என்ன தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

"டிரம் அடிப்பேன்."

"அது மழையை அளக்க உதவாதேம்மா."

"மணிக்கு மணி தப்பாம அளக்கணும்னு இப்பத்தானே சொன்னீங்க, சார்?"

வேலை கிடைத்தது. முதல் மாதம் முடிவதற்குள், விமான நிலையச் சிப்பந்திகளில் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து வைத்துக்கொண்டாள். தொலைபேசிப் பிரிவில் இரண்டு பெண்கள் அகப்பட்டார்கள். தீயணைப்புப் பிரிவில் பாடத் தெரிந்த ஒருவன். கிறிஸ்துமஸுக்குச் சிப்பந்திகள் நடனத்தில் அவர்களோடு டிம்ப்னாவும் மேடை ஏறினாள்.