கதவைப் பார்த்து நீந்தும் மீன்கள்

எக்ஸ்ரே படத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால், எலும்பெல்லாம் கரைந்துபோய் வெறும் பிளாஸ்டிக் தாள் மிஞ்சும். அதில் வடிவத்தை பிளேடால் நறுக்கி எடுத்தால் துணியில் வரைய நல்ல அச்சு. அட்டை மாதிரி ஓரம் நைந்து போகாது. நானே கண்டுபிடித்தது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். விசாரித்தால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது.

தக்கலைக்குப் பக்கத்தில், நானும் அக்காவும் மட்டும் இருக்கிற வீடு. சர்க்கரை முற்றி அவளுக்குக் கண் போய்விட்டது. வீடு முழுக்க அவளுக்கு அத்துப்படி, சிக்கல் கட்டிலில்தான். புரண்டு படுத்து எழுந்தால் கதவு எந்தப் பக்கம் என்று பிடிபடாது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, கதவென்று நினைத்து எதிர்ப்பக்கத்து அலமாரியில் முட்டி விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

சென்னையிலிருக்கிற அவள் மகள் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ விழுந்தா வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பேச்சே கெடையாது." அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. பதினோராவது மாடியில் பிளாட். அங்கே ஒரு சுவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

"என்னக் கூப்பிட்டா என்ன? அடுத்த அறையிலதான கெடக்கேன்?" என்று கத்தினேன்.

"ஒண்ணுக்குப் போறதுக்கும் ஆளக் கூப்பிடணுமாட்டி?" என்றாள்.

எனக்குத் தெரிந்தது தையல். மெல்லிய பருத்திப் புடவைகளுக்கு நடுவே பஞ்சு பரப்பி, கையால் ஓட்டுத்தையல் போட்டு மெத்தை விரிப்பு தைப்பேன். நூல் ஓடுகிற இடம் அமுங்கும், விட்ட இடம் புடைக்கும். அப்படியானால் தடவிப் பார்த்தே வழி தெரிகிற மாதிரி ஒன்று தைக்க முடியாதா? இந்தக் கேள்வி மண்டைக்குள் நுழைந்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் பிச்சிப்பூக் கொடி. இதழ், நரம்பு, சுருள் எல்லாவற்றையும் எக்ஸ்ரே தாளில் பொடிப்பொடியாக நறுக்கி, சாக்குக்கட்டியால் வரைந்து, ஒரு முழத் துண்டில் தைத்துக் கொடுத்தேன். பத்து நாள் வேலை. அக்கா தடவினாள், திருப்பிப் போட்டுத் தடவினாள்.

"என்னட்டி இது? ஆறிப்போன புட்டு மாதிரி இருக்கு."

"பிச்சிப்பூ!"

"உனக்க கண்ணுக்கு."

வந்த கோபத்தில் அச்சைத் தூக்கி முற்றத்தில் வீசினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானே தடவினேன். வெறும் சொரசொரப்பு. இவ்வளவு நாளும் கண்ணைக் கேட்டுத்தான் நறுக்கியிருக்கிறேன். விரலைக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஆராய்ச்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு பலாத்தோலைத் தடவினேன், மரச்சீனிக் கிழங்கைத் தடவினேன், பிரம்பு நாற்காலியைத் தடவினேன். துண்டுத் துணிகளில் ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் தள்ளித் தள்ளித் தைத்துப் பார்த்தேன். நெருக்கினால் எல்லாம் சப்பையாகிவிடுகிறது. இரண்டு விரல் விட்டால்தான் பஞ்சு எழும்புகிறது. வட்டம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அதற்கு ஏது திசை? இலைக்கு எது நுனி, எது காம்பு என்று குழப்பம்.

"மீன் போடு" என்றாள் அக்கா. "எத்தர மீன் ஆய்ஞ்ச கை இது! தலை எது வாலு எதுன்னு எனக்கா தெரியாது?"

அவள் விழுந்தபோது எடுத்த மண்டை எக்ஸ்ரேயைக் கழுவி அதில்தான் மீனை நறுக்கினேன். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப எனக்க மண்டைக்குள்ள மீனுதான் ஓடுதா!"

கட்டில் அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டி அதில் முதலில் வரைந்து பார்த்தேன். வரிசைக்கு ஆறரை மீன் வந்தது. அரை மீனை என்ன செய்ய? இடைவெளிகளைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி ஆறாக்கினேன். எல்லாத் தலையும் கதவைப் பார்த்து. இரண்டு மாதம் தைத்து, நகராதபடி நாலு மூலையிலும் நாடாவால் கட்டிலோடு கட்டினேன்.

அக்கா உட்கார்ந்து வரிசையாகத் தடவிக்கொண்டே வந்தாள். மூன்றாம் வரிசையில் கை நின்றது.

"இவன் மட்டும் எங்கோட்டு போறான்?"

குனிந்து பார்த்தேன். ஒரு மீன் அலமாரியைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தது. கழுவித் தெளிந்த அச்சுத் தாள், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். வரையும்போது புரட்டி வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டேதான் தைத்தேன். கத்திரிக்கோலை எடுத்தேன்.

"பிரிச்சுத் தச்சிருதேன்க்கா."

"வேண்டாம் மக்கா, கெடக்கட்டு. ஒருத்தன் வழி தப்பினா பக்கத்துல நாலு பேர்ட்டக் கேட்டாப் போச்சு."

மறுநாள் விடியும்போதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் துணியில் கை உரசுகிற சத்தம். நின்றது. அந்தப் பாழாய்ப்போன மீன்தான் என்று எனக்கு நிச்சயம். எழுந்து ஓடக்கூடாது என்று கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை மறுபடி உரசியது, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். பிறகு கால் தரையில் பட்டது. தாழ்ப்பாள் விலகியது. குளியலறையில் தண்ணீர் விழுந்தது.

விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அடுக்களையில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஏட்டி, இன்னும் எழும்பலியா? சாயா போடுவியா மாட்டியா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.