எண்ணெய் பூசிய முட்டைகள்

லாசாலில் ஆற்றங்கரைப் பாதை நெடுக பதினொரு மரப்பெட்டிகள் கம்பங்களில் நிற்கின்றன. குருவி கூடு வைக்கிற பெட்டிகள். முன்னால் ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. சனிக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். நாலு வருஷமாகச் செய்கிறேன். சம்பளம் இல்லை.

அதற்கு முன் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பதினெட்டு வருஷம் பார்சல் கட்டினேன். தோள் போய்விட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏணியில் நின்று ஆடிக்கொண்டிருந்தார். போய் ஏணியைப் பிடித்தேன். அடுத்த சனியும் பிடித்தேன். அப்படித்தான் இது தொடங்கியது.

நான் அவரை மிசியே என்பேன். அவர் என்னை மதாம் என்பார். முதல் வருஷம் பெயர் கேட்கவில்லை. பிறகு கேட்க வெட்கமாகப் போய்விட்டது. என்னுடையது உடைந்த பிரெஞ்சு. அவர் சொன்னதை இங்கே என்ர தமிழில்தான் எழுதுகிறேன்.

பெட்டிகள் நீலக்குருவிக்கு வைத்தவை. முதுகு நீலம், வயிறு வெள்ளை. தமிழில் அதற்கு என்ன பெயரோ தெரியாது. நீலக்குருவி என்பது நான் வைத்த பெயர். சித்திரையில் தெற்கேயிருந்து வரும். பழைய மரத்துப் பொந்துதான் அதற்கு வீடு. மரங்கள் போய்விட்டன. மிச்சப் பொந்துகளை இன்னொரு குருவி பிடித்துக்கொண்டது. அது முந்தி வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டது. பனிக்கும் எங்கேயும் போகாது, ஆனபடியால் முதலே இடம் பிடித்துவிடும். பக்கத்தில் நீலக்குருவி இருந்தால் மண்டையில் கொத்திக் கொல்லும். அதனால் அது கூடு வைக்க வைக்கக் கலைக்க வேண்டும். முட்டை இருந்தால் எடுக்க வேண்டும். அது குற்றமில்லை, சட்டம் விடுகிறது என்று மிசியே முதல் நாளே சொன்னார்.

பார்த்தவுடனேயே எனக்கு அந்தக் குருவியைத் தெரிந்தது. கழுத்தில் கறுப்பு, முதுகில் மண்ணிறம்.

"உங்கட பாசையில இதுக்கு என்ன பேர், மதாம்?"

"அடைக்கலக்குருவி."

"அப்பிடியெண்டால்?"

யோசித்தேன். "றெஃபூஜியே," என்றேன், அகதி என்று. அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்கு வடிவாகத் தெரியும். விமான நிலையத்தில் முதல் சொன்ன சொல்லே அதுதான்.

மிசியே ஏணியில் நின்று சிரித்தார். "நான் றெஃபூஜியேயைக் கலைக்கிறன். நீங்கள் ஏணி பிடிக்கிறியள். நல்ல சோடி."

நானும் சிரித்தேன்.

அந்தப் பாதையால் எங்கட ஆட்களும் நடப்பார்கள். தமிழ்க்கடையில் காண்கிற ஒருத்தி ஒரு நாள் நின்றாள். "அக்கா, வீட்டு வேலை காணாதெண்டு குருவிக்கும் வீடு கூட்டுறியளோ?" என்றாள். "கூட்டுறனான். வாடகையும் வாங்கித் தாறன், வா," என்றேன். அவள் போய்விட்டாள்.

மூன்று வருஷம் நான் ஏணி பிடித்தேன், பெட்டி கழுவினேன். அடைக்கலக்குருவியின் கூட்டைக் கலைப்பது எப்போதும் மிசியேதான். போன வருஷம் அவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. மடக்குக் கதிரையைப் போட்டு முதலாம் பெட்டிக்குக் கிட்ட இருந்துவிட்டார். "இனி நீங்கள்தான்," என்றார். ஒரு கொப்பி தந்தார். எனக்குப் பிரெஞ்சில் எழுத வராது. அதனால் அவரே குறிகள் சொல்லித் தந்தார். முட்டைக்கு வட்டம். குஞ்சுக்குக் கோடு. அடைக்கலக்குருவியின் கூட்டை எடுத்தால் ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி.

அந்த வைகாசியில் மகள் வயிற்றில் எட்டுக் கிழமை. அதற்கு முன்னம் இரண்டு அழிந்தது. அவளும் மருமகனும் புரோசார்டில் இருக்கிறார்கள். போனில் சொன்னாள், "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கோவிலுக்கும் போகவேண்டாம், ஐயர் கேப்பார்." நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சனி. நாலாம் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நிறையப் புல்லு, பிளாஸ்டிக் துண்டு, சிகரெட் பஞ்சு. நடுவில் ஒரு முட்டை, மண்ணிறப் புள்ளி போட்டது. அடைக்கலக்குருவி.

வயிற்றில் பிள்ளை இருந்தால் எங்கட ஆட்கள் சில வேலை செய்யமாட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கமாட்டார்கள். பாம்பைக் கண்டாலும் அடிக்கமாட்டார்கள். வீட்டுக்குள் வந்த குருவியின் கூட்டைக் கலைக்கமாட்டார்கள். நான் இதையெல்லாம் பெரிதாக நம்புகிற ஆள் இல்லை. களஞ்சியத்தில் வேலை செய்தபோது விரத நாளில் இறைச்சிப் பெட்டி தூக்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கை உள்ளே போகவில்லை. கதவைச் சாத்தினேன். கொப்பியில் புள்ளடி போட்டேன்.

திரும்பி வந்தபோது மிசியே கேட்டார், "நாலு?"

"வுய். எடுத்தாச்சு," என்றேன்.

அவர் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். என் புள்ளடியை அவர் நம்பினார். வேறு என்ன செய்வார்? அவரால் அங்கே நடக்க ஏலாது.

அடுத்த சனி நாலைத் திறக்கவேயில்லை. ஐந்தைத் திறந்தேன். பிந்தி வந்த ஒரு நீலக்குருவிச் சோடி அதில் இருந்தது. நாலு முட்டை, பால் வெள்ளை. சுற்றிவர இறகு வைத்திருந்தது. தாய் எழும்பாமல் என்னைப் பார்த்தது. மெதுவாகச் சாத்தினேன்.

அதற்கடுத்த சனி ஐந்தில் நீலக்குருவி இல்லை. புல்லுத்தான் இருந்தது. புல்லை விலக்கினேன். கீழே தாய் கிடந்தது. தலையில் இறகு இல்லை, எலும்பு தெரிந்தது. முட்டைகள் உடைந்து அதனோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. செத்ததுக்கு மேலேயே மற்றது கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு மிசியேயிடம் கொண்டுபோனேன். அவர் விரித்துப் பார்த்தார். பெருவிரலால் செட்டையை நீவிவிட்டார்.

"நாலில இருந்தது திரும்ப வந்திட்டுது போல," என்றார்.

"திரும்ப வரேல்லை, மிசியே. நான் எடுக்கேல்லை."

அவர் நிமிர்ந்தார்.

"புள்ளடி பொய்," என்றேன்.

"ஏன்?"

"மகளுக்கு வயித்தில பிள்ளை."

அவருக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிற மாதிரிப் பார்த்தார். சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை. நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன், பிறகு பெட்டியைக் காட்டினேன். அவர் மெல்ல "ஆ" என்றார்.

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஏறியிருப்பன்," என்றார். அந்த இடுப்போடு.

நாலில் இப்போது ஐந்து முட்டை. ஆறிலும் ஏழிலும் நீலக்குருவிக் குஞ்சுகள் பொரித்துவிட்டன. இந்த நேரம் நாலைக் கலைத்தால் சேவல் குருவிக்கு விசர் பிடிக்கும், ஆறுக்கும் ஏழுக்கும் போய்க் குஞ்சுகளைக் கொத்தும் என்றார் மிசியே. பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்று எடுத்தார். சோள எண்ணெய். "முட்டைக்குப் பூசிவிட்டால் காற்றுப் போகாது. குஞ்சு வராது. தாய்க்கு அது தெரியாது. அடைகாத்துக்கொண்டே இருக்கும். சேவலும் அதோட நிக்கும்." கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "நான் வாறன்."

"இருங்கோ. நான் செய்யிறன்."

செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் பூசினேன். சூடாக இருந்தது. ஐந்தையும் திரும்ப வைத்தேன். நான் விலகி நிற்க, தாய் ஓட்டையால் உள்ளே போனது.

இரண்டு கிழமைக்குப் பிறகு மகளுக்கு ஸ்கான். நானும் போனேன். பார்த்த பெண் முதலில் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கதைக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பிள்ளை ஒன்பது கிழமை அளவில் இருக்கிறது, மூன்று கிழமைக்கு முன்னமே நின்றிருக்கும் என்றார்.

நான் எண்ணிப் பார்க்கவில்லை என்றால் பொய். அங்கேயே, அந்தக் கதிரையில் இருந்தே எண்ணினேன். மூன்று கிழமைக்கு முன்னம் நான் எண்ணெய் பூசவில்லை. ஒன்றையும் தொடவில்லை. நாலைத் திறக்காமல் விட்ட கிழமை அது.

மகளை ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். புரோசார்டில் ஐந்து நாள் நின்றேன். சோறு, ரசம், மிளகுத்தண்ணி. மருமகன் வேலைக்குப் போவார், வந்து கராஜில் நிற்பார். மகள் சோபாவில் படுத்திருப்பாள். ரீவி போகும், பார்க்கமாட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் தானாகக் கதைத்தாள். "உடம்புக்குத் தெரியாதாம், அம்மா. டாக்டர் சொன்னவ. அது தன்ர பாட்டில நடந்துகொண்டிருக்குமாம். எனக்குச் சத்தி வந்தது. நெஞ்சு நொந்தது. மூண்டு கிழமை நான் அதோட கதைச்சனான்."

"ஓம், பிள்ளை."

நான் எழும்பிப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியைத் திரும்பவும் களைந்தேன்.

"சனிக்கிழமை உங்கட குருவிக்குப் போகேல்லையா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"போகேல்லை."

"என்னாலயா?"

"இல்லை."

"பின்ன?"

அவளுக்கு அதைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். பொய்ப் புள்ளடியை, செத்த நீலக்குருவியை, எண்ணெயை. ஏன் முதல் கலைக்கவில்லை என்பதையும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மோன் டியூ, அம்மா. குருவிக்கும் எனக்கும் என்ன?" என்றாள். கோபம் மாதிரி இருந்தது.

"அப்ப அது இன்னும் இருக்குதா? முட்டைக்கு மேல?"

"ஓம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது. களைக்குமட்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பினாள். "போய் எடுத்துவிடுங்கோ. அதை இருக்கவிடாதேங்கோ. பிளீஸ், அம்மா."

"சரி," என்றேன்.

சனி காலமை நேரே நாலுக்குப் போகப் பார்த்தேன். மிசியே கதிரையில் இருந்தார். மகளின் விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். மகள் கேட்டதையும் சொன்னேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஆறிலயும் ஏழிலயும் பத்துக் குஞ்சு இருக்கு, மதாம். இன்னும் ஒரு கிழமையில பறந்திடும். இண்டைக்கு எடுத்தால் சேவல் அங்க போகும்." பிறகு, "என்ன செய்யெண்டு நான் சொல்லமாட்டன். கொப்பி உங்கட கையில," என்றார்.

நாலுக்கு முன்னால் நின்றேன். ஓட்டைக்குள் குருவியின் சொண்டு தெரிந்தது. அடுத்த பெட்டிகளில் குஞ்சுகள் கத்தின. நீலக்குருவிகள் என் தலைக்கு மேலால் வந்து வந்து போயின. கதவின் கொளுக்கியில் கைவைத்தேன். திறக்காமல் கையை எடுத்தேன்.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். "எடுத்திட்டியளா?"

"எடுத்திட்டன்."

"அது போயிட்டுதா?"

"போயிட்டுது."

"மெர்சி, அம்மா," என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டாளாம். மருமகன் சொன்னார்.

அந்தக் கிழமை நித்திரை சரியில்லை. இரண்டு நாள் மழை. மழைக்குள்ளும் அது இருக்கும் என்று தெரியும்.

அடுத்த சனி ஆறும் ஏழும் வெறுமை. எச்சமும் இறகும்தான். குஞ்சுகள் தண்ணிக்கு மேலே பறந்து திரிந்தன. இன்னும் சரியாகத் திரும்பத் தெரியாது. மிசியேக்குக் கையால் காட்டினேன். அவர் தொப்பியை ஆட்டினார்.

நாலுக்கு வந்தேன். திறக்கமுன் பெட்டியில் தட்டவேண்டும், குருவி வெளியே போகட்டும் என்று. தட்டினேன். போகவில்லை. திரும்பவும் தட்டினேன். திறந்தேன். முட்டைக்கு மேல் இருந்து என்னைப் பார்த்தது. நல்லாய் மெலிந்துவிட்டது. கையை உள்ளே விட்டேன். விரலில் உரசிக்கொண்டுதான் பறந்தது.

ஐந்து முட்டையும் சூடு.

பூவரசோ வேம்போ இல்லாத கரை. ஏதோ ஒரு மரத்துக்குக் கீழே குழி தோண்டி வைத்தேன். புல்லை இழுத்தெடுத்துப் பெட்டியைத் துடைத்துப் பூட்டினேன். குருவி பெட்டிக்கு மேல் வந்து இருந்தது. நான் விலகினதும் உள்ளே போனது. கனநேரம் வெளியே வரவில்லை.

எட்டாம் பெட்டி தொடக்கம் பதினொன்றுமட்டும் பார்க்க இருந்தது. போனேன்.